செவிலியர் கணக்கும் செந்தமிழ் எண்ணமும்

(கும்மிடிப்பூண்டி வட்டாரத் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வள்ளுவப் பேராசான் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன் ஒருவன், அந்நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, நான்காவதாக நிற்பவன், அம்மருந்தை முறைதவறாமல் ஊட்டி அருகிருந்து பேணுகின்றவன். அவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. இற்றைச் செவிலியரே அவ்வுழைச்செல்வார் ஆவர். மருத்துவத்தின் காற்பங்கு அவர் கையில் இருக்கிறது என்று பல நூற்றாண்டுகட்கு முன்பே எண்ணிப் பார்த்த இனம் தமிழினம்.

அவ்வரிசையில் அதற்கு முந்திய குறளில் மற்றொரு செய்தியும் உண்டு. மருத்துவம் கற்றவன் மூன்றை அளந்தறிந்து செயற்படல் வேண்டும் என்கிறார் வள்ளுவர்: நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலத்தின் அளவு. இன்று செவிலியர் வேலை வேண்டி வரும் ஒரு பெண்ணின் கையில் நீட்டப்படும் கணக்குத்தாளை எடுத்துப் பாருங்கள். நோயாளியின் உடலெடை, மருந்தின் அளவு, அதனை ஏற்றுதற்குரிய நேரம். இம்மூன்றைத் தவிர அத்தாளில் வேறொன்றும் இல்லை! தமிழர்க்குப் புதிதல்லாத இக்கணக்கைக் கண்டு தமிழ்ப்பெண் நடுங்குவானேன்? அந்நடுக்கத்திற்குக் கரணியம் என்ன? அதனை நீக்கும் வழி யாது? இவ்வுரையின் பொருள் இதுவே.

கும்மிடிப்பூண்டி தமிழகத்தின் வடவாயில்களுள் ஒன்று. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். மீஞ்சூர், பொன்னேரி வழியாக வரும் புறநகர்த் தொடர்வண்டி காலைதோறும் தொழிலாளரை இங்கே இறக்கிவிட்டுப் போகிறது. சிப்காட் தொழில்வளாகத்தில் இரும்பை உருக்குவதும் கம்பியாக இழுப்பதுமாக ஆலைகள் இயங்குகின்றன. உலை எரியும் இடத்தில் தீப்புண் உண்டு. உருளை சுழலும் இடத்தில் கை நசுங்கலும் உண்டு. அதனாலன்றோ, 500 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறையும் அதற்குரிய மருத்துவ, செவிலியப் பணியாளரும் இருத்தல் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெறி வகுத்தது! ஆலையின் மருத்துவ அறை, தனியார் மருத்துவமனை, பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள அரசு மருத்துவமனை, 2022இல் திறக்கப்பெற்ற திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி என்று, இம்மாவட்டத்தில் செவிலியர் கால்வைக்கத்தக்க வாயில்கள் பல உள.

ஆயின், வாயில்தோறும் ஒரு தேர்வு காத்திருக்கிறது. தமிழ்நாட்டரசு மருத்துவப் பணிகட்கு ஆளெடுக்கும் வாரியத்தை 2012இல் அமைத்தது. அவ்வாரியம் 2015இல் 7,243 செவிலியர் இடங்கட்குப் போட்டித் தேர்வு நடத்தியது. தொடர்வண்டித் துறையின் செவிலியர் தேர்வில் 100 வினாக்கள். அவற்றுள் 70 தொழிலறிவு பற்றியவை. 10 வினாக்கள் எண்கணக்கும் அறிவுத்திறனும் பற்றியவை. எஞ்சியவை பொதுவறிவும் அறிவியலும். நேரம் 90 நிமையம். பிரித்தானிய நாட்டின் செவிலியர் மன்றம் அயல்நாட்டுச் செவிலியர்க்கு நடத்தும் கணிப்பொறித் தேர்வில், 2021 முதல் மருந்துக் கணக்கைத் தனிப் பகுதியாகவே பிரித்து வைத்துவிட்டது. தனியார் மருத்துவமனைகளிலும் நேர்காணலின்போது ஒரு தாளைக் கொடுத்து, மருந்தளவைக் கணக்கிட்டுக் காட்டுக என்று கேட்பது உண்டு.

இத்தாளைக் கண்டதும் பலர்க்குக் கை குளிர்ந்து போகிறது. கரணியம் இரண்டு.

முதலாவது, செவிலியக் கல்விக்கு மேனிலைப் பள்ளியில் கணக்குப் படித்திருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. உயிரியல் பிரிவிலோ செவிலியத் தொழிற்பிரிவிலோ சேரும் மாணவி, பத்தாம் வகுப்பொடு கணக்குநூலை மூடிவிடுகிறாள். இரண்டாண்டு மேனிலைக் கல்வி, அதன்பின் மூன்றாண்டோ நான்காண்டோ செவிலியக் கல்வி. ஆக, ஐந்தாறு ஆண்டுகள் கணக்கொடு உறவு அறுந்த நிலையில் தேர்வுக்கூடத்தில் அமர்கிறாள். துருப்பிடித்த அரிவாளைக் கொண்டு எவரும் கதிரறுக்கப் புகுவதில்லை. தீட்டினால் அறுக்கும், அவ்வளவே.

இரண்டாவது கரணியமே ஆழமானது. பள்ளியில் அவள் கணக்கைத் தமிழில் கற்றாள். செவிலியத்தையோ ஆங்கிலத்தில் கற்றாள். தேர்வில் இவ்விரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. ஆங்கில வரியைப் படித்து, அதன் பொருளைத் தேடி, அதனுள் மறைந்திருக்கும் கணக்கைக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் கரைகிறது, நெஞ்சு படபடக்கிறது. கணக்குத் தெரியாமற் போனதாக அவளே நினைத்துக்கொள்கிறாள். உண்மையில், கணக்கு வரவில்லையென்று சொல்வதற்கில்லை. கணக்கைப் போர்த்தியிருக்கும் போர்வையை விலக்க வரவில்லை. தாய்மொழியில் எண்ணும் பழக்கத்தை இடையில் பறித்துவிட்டு, அயன்மொழியில் எண்ணும் ஆற்றலையும் முழுமையாகத் தாராத கல்விமுறை விளைத்த கேடு இது. குற்றம் அப்பெண்ணுடையதன்று.

போர்வையை விலக்கிப் பார்ப்போமாயின் உள்ளே இருப்பது என்ன? ஓர் எடுத்துக்காட்டு. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் தருமாறு மருத்துவர் எழுதுகிறார். 12ஐ 15ஆல் பெருக்க, 180 மில்லிகிராம். கையிலுள்ள குப்பியில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. 180 என்பது 120இன் ஒன்றரை மடங்கு. எனவே 5இன் ஒன்றரை மடங்கு தரல் வேண்டும். ஐந்தும் இரண்டரையும் ஏழரை. விடை ஏழரை மில்லிலிட்டர்.

இதில் எங்கே இருக்கிறது உயர்கணக்கு? ஐந்து உருவாவுக்கு ஒரு கீரைக்கட்டு எனின், ஒன்றரைக் கட்டு என்ன விலை என்று சந்தையில் நிற்கும் பாட்டி நொடியில் சொல்வாளே, அதே கணக்கன்றோ இது! ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று தமிழன் வாயில் அன்றாடம் புழங்கும் சொற்கள், முழுவெண்ணையும் கீழ்வாயிலக்கத்தையும் ஒரே மூச்சில் இணைத்துத் தருகின்றன. அயன்மொழியில் புள்ளிக்குப் பின் வரும் வெற்றிலக்கமாகக் காட்சியளிப்பது, தமிழில் பொருளொடு கேட்கிறது.

தமிழ முன்னோர் கீழ்வாயிலக்கத்தில் கண்ட நுட்பம் சிறிதன்று. அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகப் பகுத்துப் பதினாறில் ஒன்றான மாகாணி வரை சென்றனர். மற்றொரு வழியில், இருபதில் ஒன்றை மா என்றும், நாற்பதில் ஒன்றை அரைமா என்றும், எண்பதில் ஒன்றைக் காணி என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றை முந்திரி என்றும் பெயரிட்டனர். திண்ணைப் பள்ளிச் சிறுவன் எண்சுவடியில் இவற்றை மனப்பாடமாக ஒப்பித்தான். இதனை மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். 5 விழுக்காட்டுக் குளுக்கோசு நீர் என்றால் 100 மில்லிலிட்டரில் 5 கிராம். அதாவது இருபதில் ஒன்று. அதாவது ஒரு மா. 500 மில்லிலிட்டர்க் குப்பியில் எவ்வளவு குளுக்கோசு? 500இல் இருபதில் ஒன்று 25 கிராம். 40 அலகு இன்சுலின் என்று குறித்த குப்பியில், ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு உள்ளது. எனின் ஓரலகு மருந்து ஓர் அரைமா மில்லிலிட்டர். பழம்பெயர்களை மீட்டுத் தேர்வெழுதுக என்பதன்று இதன் கருத்து. இவ்வளவு நுண்ணிய அளவுகட்குத் தனித்தனிப் பெயரிட்டு வாழ்ந்த மரபில் வந்தவர், கீழ்வாயிலக்கத்தைக் கண்டு அஞ்சுதல் தகாது என்பதே கருத்து.

தேர்வில் வரும் மருந்துக் கணக்குகள் பெரும்பாலும் நான்கு வகையுள் அடங்கும். மேற்சொன்னது முதல்வகை: வேண்டிய அளவும், கையிலுள்ள அளவும் ஒப்பிட்டுக் காண்பது.

இரண்டாம் வகை அலகு மாற்றம். ஒரு கிராம் 1,000 மில்லிகிராம்; ஒரு மில்லிகிராம் 1,000 மைக்ரோகிராம். பெரியதிலிருந்து சிறியதற்குப் போகும்போது எண் பெருகும். சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும்போது எண் சுருங்கும். இதனை மாற்றிச் செய்தால் பிழை இரு மடங்கன்று, மும்மடங்கன்று, ஆயிர மடங்கு.

மூன்றாம் வகை சொட்டுக் கணக்கு. 500 மில்லிலிட்டர் நீரை 4 மணிநேரத்தில் ஏற்றுக என்கிறார் மருத்துவர். குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. மொத்தம் 500 பெருக்கல் 20, அதாவது 10,000 சொட்டு. 4 மணிநேரம் 240 நிமையம். 10,000ஐ 240ஆல் வகுக்க 41.67. சொட்டை உடைக்க இயலாதாகலின், நிமையத்திற்கு 42 சொட்டு. குழந்தைகட்குப் பயன்படும் நுண்சொட்டுக் குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 60 சொட்டு. மணிக்கும் 60 நிமையம்; ஆகவே மணிக்கு எத்தனை மில்லிலிட்டரோ, நிமையத்திற்கு அத்தனை சொட்டு. மணிக்கு 50 மில்லிலிட்டர் எனின் நிமையத்திற்கு 50 சொட்டு. கரணியம் அறிந்தவள் இதனை மறக்கமாட்டாள். வாய்பாட்டை மட்டும் உருப்போட்டவள் தேர்வறையில் மறப்பாள்.

நான்காம் வகை செறிவுக் கணக்கு. விழுக்காடு என்பது 100 மில்லிலிட்டரில் எத்தனை கிராம் என்பது. ஆயிரத்தில் ஒன்று என்று ஊசிமருந்துக் குப்பியில் எழுதியிருப்பின், 1,000 மில்லிலிட்டரில் ஒரு கிராம். எனவே ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம். பதினாயிரத்தில் ஒன்று எனின், அதிற் பத்திலொரு பங்கு. ஒரு சுழியைக் கண் தவறவிட்டால் மருந்து பத்து மடங்காகும்.

இங்கேதான் இச்செய்தியின் கனம் இருக்கிறது. இக்கணக்குத் தேர்வுத்தாளொடு முடிந்துவிடுவதன்று. தாளில் தவறினால் ஒரு மதிப்பெண் போகும். கட்டிலருகில் தவறினால் ஓருயிர் போகும்.

முன்சொன்ன காய்ச்சற் குழந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ள நீர்மமாகவும் கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கே 100 மில்லிகிராம் உள்ள சொட்டுமருந்தாகவும் கிடைக்கிறது. பெயர் ஒன்றே. குப்பிமேல் எழுதியிருப்பதைப் பாராமல், சொட்டுமருந்தை ஏழரை மில்லிலிட்டர் ஊற்றிக் கொடுத்துவிட்டால் உள்ளே போவது 750 மில்லிகிராம். கொடுக்க வேண்டியது 180. நான்கு மடங்கிற்கும் மேல்!

நீரிழிவுக்காரர் பெருகிவிட்ட இந்நாளில் இன்சுலின் கணக்கு அதனினும் கொடியது. குப்பியில் இரு வகை: மில்லிலிட்டருக்கு 40 அலகு உள்ளது, 100 அலகு உள்ளது. ஊசிக்குழலும் அவற்றிற்கேற்ப இரு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்குக் கிச்சிலி நிற மூடி. 20 அலகு தருக என்பது கட்டளை. 100 அலகுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடிக் குழலில் 20ஆம் கோடு வரை இழுத்துவிட்டால் வருவது அரை மில்லிலிட்டர். அதில் உள்ளது 50 அலகு. நோயாளி குருதியில் சர்க்கரை வீழ்ந்து நினைவிழப்பார். மாற்றாக, 40 அலகுக் குப்பியிலிருந்து மற்றைக் குழலில் 20ஆம் கோடு வரை இழுத்தால் வருவது 8 அலகே, நோய் அடங்காது. எண் ஒன்றே, குழல் மாறியது, உயிர் ஊசலாடுகிறது.

கும்மிடிப்பூண்டிக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. உலைத்தீயில் வெந்துபட்ட தொழிலாளி ஒருவர். எடை 60 கிலோ. உடற்பரப்பில் 20 விழுக்காடு வெந்துள்ளது. பார்க்லந்து வாய்பாட்டின்படி, எடையையும் வெந்த விழுக்காட்டையும் பெருக்கி 4 மில்லிலிட்டரால் பெருக்க மருத்துவர் முடிவு செய்கிறார் எனக் கொள்க. 60 பெருக்கல் 20 பெருக்கல் 4, அதாவது 4,800 மில்லிலிட்டர். இதிற் பாதி, 2,400 மில்லிலிட்டர், முதல் 8 மணிநேரத்தில் ஏறல் வேண்டும். மணிக்கு 300; 20 சொட்டுக் குழாயில் நிமையத்திற்கு 100 சொட்டு. ஆனால் கருத்தொடு நோக்குக: அந்த 8 மணிநேரம் மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து தொடங்குவதன்று, தீப்பட்ட நொடியிலிருந்து தொடங்குவது. ஆலையிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதற்கு 2 மணிநேரம் ஆகிவிட்டதாயின், எஞ்சியது 6 மணிநேரமே. மணிக்கு 400 மில்லிலிட்டர். நிமையத்திற்கு 133 சொட்டு. காலத்தின் அளவையும் நோக்குக என்று வள்ளுவர் வகுத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! அத்தொழிலாளி தமிழராகவும் இருக்கலாம். ஒடியராகவும் பீகாரியாகவும் இருக்கலாம். வெந்த உடலுக்கு மொழிவேற்றுமை இல்லை. அவர் உயிர் அக்கணக்கைப் போடும் செவிலியின் உள்ளத் தெளிவில் இருக்கிறது. அத்தெளிவு அவளுக்கு எம்மொழியில் எளிதாக வாய்க்குமோ, அம்மொழியிலேயே அவள் எண்ணல் வேண்டும். தாய்மொழிக் கல்வி வெறும் இனப்பற்று முழக்கமன்று. உயிர்காப்பு நெறியும் ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனித் தேர்வுக்கு அணியமாகும் முறை.

முதற்கிழமை வாய்ப்பாடு. பதினாறு வரை வாய்விட்டு, தமிழில், நாளும் காலையில் ஒப்பித்தல் வேண்டும். பெருக்கல் தடுமாறினால் மற்றெல்லாம் தடுமாறும். அதனொடு அரை, கால், அரைக்கால் ஆகியவற்றைப் பதின்மப் புள்ளியில் எழுதிப் பழகுதல் வேண்டும்: அரை 0.5, கால் 0.25, அரைக்கால் 0.125. புள்ளிக்கு முன் சுழியை விடாமல் எழுதுக. புள்ளி மங்கி மறைந்தால் .5 என்பது 5 ஆகிவிடும். முழுவெண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் இடற்க, 5.0 என்பது 50 ஆகப் படிக்கப்படும்.

இரண்டாங்கிழமை அலகு மாற்றமும் முதல்வகைக் கணக்கும். மூன்றாங்கிழமை சொட்டுக் கணக்கு. நான்காங்கிழமை உடலெடைக் கணக்கும் செறிவுக் கணக்கும். ஐந்தாங்கிழமை எல்லாம் கலந்து. ஆறாங்கிழமை கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு. 90 நிமையத்தில் 100 வினா எனின், ஒரு வினாவுக்கு 54 நொடி. அதற்குள் முடியாத கணக்கைக் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுதல் வேண்டும்.

ஒவ்வொரு கணக்கிலும் மூன்று படி. முதற்படி: ஆங்கில வரியைப் படித்ததும், வேண்டியது எவ்வளவு, கையிலுள்ளது எவ்வளவு, எத்துணை நேரம் என்று தாளோரத்தில் தமிழில் குறித்துக்கொள்ளுதல். போர்வை அங்கேயே கழன்றுவிடும். இரண்டாம்படி: கணக்குப் போடுமுன், விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று உள்ளத்தால் மதித்தல். ஒரு நோயாளிக்கு 15 மாத்திரை என்று விடை வந்தால், அங்கே ஏதோ பிழை என்று அம்மதிப்பே எச்சரிக்கும். மூன்றாம்படி: வந்த விடையைத் திருப்பிப் பெருக்கிச் சரிபார்த்தல். ஏழரை மில்லிலிட்டரில் 180 மில்லிகிராம் இருக்கிறதா? இருக்கிறது. அடுத்ததற்குச் செல்க.

தவறான விடைக்கு மூன்றிலொரு மதிப்பெண் கழிக்கும் தேர்வுகளும் உள. தொடர்வண்டித் துறைத் தேர்வு அத்தகையது. நான்கு விடைகளுள் ஒன்றும் அறியாமல் குருட்டாம்போக்கில் குறிப்பதால், நீண்டகணக்கில் ஊதியமும் இல்லை, இழப்பும் இல்லை. ஆனால் ஒரு விடையேனும் பொருந்தாது என்று உறுதியாக விலக்க முடிந்தால், எஞ்சிய மூன்றுள் ஒன்றைக் குறிப்பது ஊதியமே. ஏறத்தாழ மதிக்கும் பழக்கம் இங்கும் கைகொடுக்கும்.

மொழி பற்றி ஒளிவுமறைவின்றி ஒன்று சொல்லல் வேண்டும். மருந்துக்குப்பியின்மேல் எழுதியிருப்பது ஆங்கிலம். மருத்துவர் எழுதுவதும் ஆங்கிலம். அவற்றைப் பிழையறப் படிக்கத் தெரியாத செவிலி நோயாளிக்கு இடரே ஆவாள். எனவே மருந்துப் பெயர்களையும் அலகுக் குறிகளையும் ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அஃது அடிமைத்தனமன்று, கருவியைக் கையாளும் திறன். கண் படிப்பது ஆங்கிலமாயினும் கருத்து எண்ணுவது தமிழாக இருக்கட்டும். கருவியை எசமானன் ஆக்கிக்கொள்வதே அடிமைத்தனம்.

மருத்துவத்தைத் தமிழில் எண்ண இயலுமா என்று ஐயுறுவார்க்கு யாழ்ப்பாணம் விடையிறுக்கும். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார். தாமே தமிழ் கற்றுக் கலைச்சொற்களைத் திரட்டினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் பற்றிய பெருநூல்கள் தமிழில் அச்சேறின. அச்சொற்களில் வடசொற் கலப்பு மிகுதி என்பது உண்மை. பாவாணர் போன்றார் பின்னர்க் காட்டிய தூயவழி அன்று திறந்திருக்கவில்லை. ஆயினும் தமிழால் மருத்துவம் இயலும் என்பதை ஓர் அயலவர் செய்தே காட்டிவிட்டார். 1884இல் அமெரிக்காவில் மறைந்த அவருடைய கல்லறைக் கல்லில், தமிழர்க்குத் தொண்டாற்றிய மருத்துவர் என்னும் குறிப்பே பொறிக்கப்பெற்றுள்ளது. அவருக்குப் பின் 140 ஆண்டுகள் கடந்தும், தமிழகத்தில் ஒரு செவிலியப் பெண் மருந்துக் கணக்கைத் தமிழில் கற்க ஒரு கைந்நூலைத் தேடி அலைகிறாள் எனின், வெட்கப்பட வேண்டியவர் யார்?

அந்த யாழ்ப்பாணத்தின் மக்கள் இன்று இதே கும்மிடிப்பூண்டியில், ஈழத்தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழ்கின்றனர். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்ற மண்ணின் பேத்திகள் அங்கே இருக்கின்றனர். அரசுப் பணிக்குக் குடியுரிமை என்னும் தடை அவர்முன் நிற்கிறது. தனியார் மருத்துவமனையின் கணக்குத்தாள் ஒன்றே அவருட் பலர்க்கு எட்டும் கதவு. அக்கதவையும் ஆங்கிலப் பூட்டால் அடைபட விடுவது தமிழர்க்கு அறமாகுமா?

தமிழ்நாட்டரசு 2021 திசம்பரில் பிறப்பித்த ஆணையால், அரசுப்பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் தேர்ச்சி கட்டாயமாயிற்று. குறைந்தது 40 விழுக்காடு பெறல் வேண்டும். நல்லதே. ஆனால் தமிழைத் தனித்தாளாக ஒதுக்கி வைப்பதொடு கடமை முடிந்துவிடாது. செவிலியக் கல்வியிலும் மருந்துக் கணக்கிலும் தமிழ் புகுதல் வேண்டும்.

இதனை அரசு செய்யட்டும் என்று கைகட்டி நிற்பது தமிழியக்கத்தார்க்கு அழகன்று. மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவது எளிது. ஒரு கரும்பலகை வாங்கி மாட்டுவது அதனினும் பயனுடையது. இம்மாவட்டத்தின் திருத்தணி 1960 ஏப்பிரல் 1ஆம் நாள் தமிழகத்தொடு இணைந்ததே, அது வெறும் முழக்கத்தால் மட்டும் வந்ததா? ம.பொ.சி.யின் போராட்டத்திற்குத் துணைநின்ற மங்கலங்கிழார், வடவெல்லைச் சிற்றூர்கள்தோறும் நடந்து தமிழ் கற்பித்தார். தமிழ் கற்ற மக்கள் அங்கே இருந்தமையால்தான் அம்மண் தமிழ்மண் என்று மெய்ப்பிக்க முடிந்தது. திருத்தணி மீண்டதைக் காணாமலே 1953இல் அவர் மறைந்தார். அவர் விதைத்தது முளைத்தது.

அவர் வழியில் இன்று செய்யத்தக்க பணி இது. திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஞாயிறுதோறும் இரண்டு மணிநேரம், ஆறு கிழமை, கட்டணமின்றி ஒரு கணக்கு வகுப்பு. ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர். பணியிலுள்ள மூத்த செவிலியர் ஒருவர். இருவரும் சேர்ந்து நடத்துதல் வேண்டும். ஒருவர் கணக்கின் நேர்மையைக் காப்பார். மற்றவர் மருத்துவமனையின் உண்மையைக் காப்பார். வெறுங்குப்பிகள், ஊசி நீக்கிய குழல்கள், அளவுக்கிண்ணம், சொட்டுக்குழாய் ஆகியவை மேசைமேல் இருக்கட்டும். ஏழரை மில்லிலிட்டரை எண்ணாக மட்டும் அறிந்தவளை, நீராக ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 42 சொட்டைக் கடிகாரம் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். கை அறிந்ததை உள்ளம் மறவாது. முகாமிலிருந்து வரும் பிள்ளைகட்கு முன்வரிசையில் இடம் தாருங்கள். பயின்றவர் ஒவ்வொருவரும் வேலை கிடைத்தபின் ஒரு பருவமேனும் வந்து கற்பித்தல் வேண்டும் என்பதே அவ்வகுப்பிற்குக் கட்டணம்.

செவிலியத் தொழிலுக்கு வழிவகுத்த பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் கணக்கில் வல்லவர். போர்முனை மருத்துவமனைகளில் வீரர் மடிந்ததன் கரணியத்தை எண்களால் மெய்ப்பித்தவர். 1858இல் இலண்டன் புள்ளியியற் கழகத்தில் முதற்பெண் உறுப்பினராக ஏற்கப்பெற்றவர். செவிலியமும் கணக்கும் உடன்பிறந்தவை. தமிழ்ப் பெண்களே, இளைஞர்களே! கணக்குத்தாள் உங்களைத் தடுப்பதற்காக நீட்டப்படுவதன்று. ஒருவர் உயிரை நம்பி ஒப்படைக்கத் தக்கவர் நீங்கள்தாமா என்று கேட்பதற்காக நீட்டப்படுவது. ஆம் என்று விடையெழுதுங்கள். அவ்விடையைத் தமிழில் எண்ணி எழுதுங்கள்.

வாழ்க உழைச்செல்வார்! வெல்க தமிழ்!